பென்டிரைவில் ஒரு பட்டறை: ஆப்பின் ரிசோர்ஸ் ஃபைல்களைப் பிரித்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இரவு பதினோரு மணிக்குச் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, லேப்டாப் செத்துப்போச்சுண்ணே. ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. பூ ஆப்போட கோடு எதுவுமே இல்ல."

உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போடும் எங்கள் சொந்தக்காரர்களுக்காக அவன் எழுதிய சின்ன ஆப் அது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அன்றைக்கு மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம் என்ன விலைக்குப் போகிறது என்று ஒருவர் காலையில் பதிவார். ஊரில் இருப்பவர்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். புரோகிராம் கோடு எழுதியது ஒரு மாதம். அதில் வரும் தமிழ் வாசகங்களைத் திருத்தியது மூன்று மாதம். "இப்படிப் போட்டா தோட்டத்துல நிக்கிறவனுக்கு என்னடா புரியும்?" என்று சித்தப்பா வரிக்கு வரி மாற்றச் சொன்னவை அவை. அவ்வளவும் போய்விட்டது என்று தம்பி அழாத குறை.

"ஆப் யாரு போன்லயாவது இருக்கா?"

"அப்பா போன்ல இருக்குண்ணே."

"அப்ப ஒண்ணும் போகல. படுத்துத் தூங்கு."

அவனுக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் கல்லூரி லேபில் இருப்பது. எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். காளவாசல் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் அதே கதைதான். ஆகவே இன்ஸ்டால் என்ற சொல்லே இல்லாமல், ஒரு பென்டிரைவை வைத்து முழு வேலையையும் முடித்தோம். நான் போனில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். கட்டளைகளை அன்று வாயால் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏபிகேக்குள் என்ன இருக்கிறது

ஆண்ட்ராய்டு ஆப் போனில் ஏறும் ஃபைல்தான் ஏபிகே. அது வெறும் ஜிப் ஃபைல். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பிகே என்று இருக்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர்ச் சுருக்கம். ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்பதை எடுத்துவிட்டு ஜிப் என்று போட்டால் 7-ஜிப்பே திறந்து காட்டிவிடும். அப்படிப் பார்த்துவிட்டு "வேலை முடிந்தது" என்று நினைப்பவர்கள்தான் அடுத்த நிமிடமே ஏமாறுவார்கள். ஆப்பின் விவரமும் அது கேட்கும் அனுமதிகளும் இருக்கும் மேனிஃபெஸ்ட் எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பைதான் தெரியும்.

காரணம் எளிது. ஆப்பைக் கட்டும்போது ஏஏபிடி2 என்ற கருவி எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் பைனரியாக மாற்றிவிடுகிறது. வாசகங்கள், நிறங்கள், அளவுகள் எல்லாம் ரிசோர்சஸ் டாட் ஏஆர்எஸ்சி என்ற ஒரே அட்டவணைக்குள் போய்விடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டு ஹெக்ஸ் இலக்கத்தில் ஓர் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் பேக்கேஜைக் குறிக்கும். சாதாரண ஆப் என்றால் 7எஃப், ஆண்ட்ராய்டின் சொந்தச் சரக்கு என்றால் 01. அடுத்த இரண்டு வகை: வாசகமா, படமா, லேஅவுட்டா. கடைசி நான்கு வரிசை எண். கோடு இந்த எண்ணை வைத்துத்தான் வாசகத்தைத் தேடி எடுக்கிறது. நாம் செய்யப்போவது அந்த அட்டவணையைத் திருப்பி விரித்து, மனிதர் படிக்கும் எக்ஸ்எம்எல்லாக மாற்றுவது.

தம்பியைத் தூங்கச் சொன்ன தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ரிசோர்ஸ் பக்கம், அதாவது வாசகம், படம், லேஅவுட் பக்கம், நஷ்டம் மிகக் குறைவு. எக்ஸ்எம்எல்லில் நீங்கள் எழுதிவைத்த குறிப்புரைகள் போய்விடும். வாசகமும் அதற்கு நீங்கள் வைத்த பெயரும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கோட் பக்கம் அப்படியில்லை. அங்கே கிடைப்பது உப்புக்கண்டம். பழைய ஆட்டை அதிலிருந்து எழுப்ப முடியாது.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி ஆப்பின் அறிமுகப் பக்கத்தில் தம்பி நீளமாக எழுதியிருந்தான். அது ஒரு எச்டிஎம்எல் ஃபைலாக அசெட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. அசெட்ஸில் போட்டதை யாரும் கம்பைல் செய்வதில்லை. ஜிப்பைத் திறந்ததும் எழுத்து மாறாமல் வந்துவிட்டது. முதல் ஐந்து நிமிடத்தில் கிடைத்த நல்ல செய்தி.

பென்டிரைவில் ஏற்ற வேண்டியவை

முதலில் ஜாவா. கீழே வரும் ஜார் ஃபைல்கள் ஜாவா புரோகிராம்கள், அவை ஓட இது வேண்டும். எக்லிப்ஸ் அடாப்டியம் தரும் டெமுரின் ஜாவாவில் இன்ஸ்டாலரும் உண்டு, ஜிப்பும் உண்டு. ஜிப்பை எடுங்கள்; 17 அல்லது 21 பதிப்பு, ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்ஈ போதும். விரித்துப் போட்டால் அந்த ஃபோல்டரிலிருந்தே ஓடும்.

இரண்டாவது, ஏபிகேடூல். ரிஷார்ட் விஷ்னியெவ்ஸ்கி தொடங்கியது, பல வருடங்களாகக் கானர் டம்பில்சன் பராமரிப்பில் இருக்கிறது, அப்பாச்சி 2.0 உரிமம். ஒரே ஒரு ஜார் ஃபைல். ரிசோர்ஸ் வேலைக்கு இதுதான் அரிவாள்மனை.

மூன்றாவது, ஜாட்எக்ஸ். கோடை ஜாவா வடிவில் காட்டுவது. ரிசோர்ஸையும் திறந்து காட்டும். விண்டோசுக்கு ஜேஆர்ஈ சேர்த்தே ஒரு ஜிப் வெளியிடுகிறார்கள். ஜன்னல், தேடல் எல்லாம் உண்டு என்பதால் கட்டளை தட்டப் பயப்படுபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

நான்காவது, கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஜிப். அதற்குள்தான் போனோடு பேசும் ஏடிபி இருக்கிறது. ஐந்தாவது, ஏபிகேஎடிட்டர் என்ற ஜார். துண்டு துண்டாக வரும் ஆப்பை ஒட்ட. இவற்றோடு 7-ஜிப், நோட்பேட்++ இரண்டின் போர்ட்டபிள் வடிவமும் இருந்தால் போதும். எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபிகூட வராது.

இந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, பளபள ஐகான் போட்டு, "ஆல் இன் ஒன் போர்ட்டபிள்" என்று ஒரே ஈஎக்ஸ்ஈயாகத் தருபவர்கள் நிறைய. எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை கிடையாது. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது ஒரு கவலை. பழைய ஏபிகேடூல் உள்ளே இருக்கும் என்பது இன்னொரு கவலை, அதைவிடப் பெரியது. 2.9.1 வரையிலான பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது: விஷமத்தோடு செய்த ஏபிகேயைப் பிரித்தால், வெளியே வரும் ஃபைலைக் கம்ப்யூட்டரில் வேறு இடத்தில் எழுதவைக்க முடியும். 2.9.2இல் அடைத்தார்கள். ஆகவே அவரவர் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து, புதிய பதிப்பாக, தனித்தனியாக இறக்குங்கள். ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை அங்கே கொடுத்திருந்தால் சரிபார்க்க விண்டோசிலேயே வழி உண்டு: செர்ட்யூட்டில், இடைவெளி, ஹைஃபன் ஹேஷ்ஃபைல், இடைவெளி, ஃபைல் பெயர், இடைவெளி, எஸ்எச்ஏ256.

ஃபோல்டரும் ஜன்னலும்

பென்டிரைவ் சுமந்து வரத்தான். அதிலேயே வேலை செய்யாதீர்கள். ஓர் ஆப்பைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் கொட்டும். பென்டிரைவில் எழுதவிட்டால் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வரலாம். கம்ப்யூட்டரில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நகலெடுத்து ஓட்டுங்கள். முடிந்ததும் விளைவைப் பென்டிரைவுக்கு ஜிப்பாக எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

ஃபோல்டர் பெயரில் தமிழ் வேண்டாம், இடைவெளி வேண்டாம், நீளமும் வேண்டாம். தமிழ்ப் பற்று வாசகத்தில் இருக்கட்டும். விண்டோசில் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல கருவிகள் மூச்சடைத்துவிடும். ரிசோர்ஸ் ஃபோல்டர்களின் பெயர்கள் ஏற்கெனவே நீளம்.

லேபில் ஒரு மெஷினில் பென்டிரைவ் ஈ என்று வரும், பக்கத்து மெஷினில் எஃப் என்று வரும். அதனால் பாதையை நேரடியாக எழுதாமல், கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஒரு பேட்ச் ஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. சதவீதக் குறி, டில்டே குறி, டி (டிரைவ் என்பதன் முதல் எழுத்து), பி (பாத் என்பதன் முதல் எழுத்து), பூஜ்யம் என்ற ஐந்தையும் ஒட்டி எழுதினால், "இந்த பேட்ச் ஃபைல் இருக்கும் ஃபோல்டர்" என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதை முன்னால் வைத்து, ஜாவாவுக்குள் இருக்கும் "பின்" என்ற ஃபோல்டரை, விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியில் சேர்த்துவிட்டால், கட்டளை தட்டும் அந்த ஒரு கருப்பு ஜன்னலுக்கு மட்டும் ஜாவா தெரியும். லேப் மெஷினின் அமைப்பில் எதுவும் மாறாது.

அதே பேட்ச் ஃபைலில் தமிழுக்காக இரண்டு வரி. ஒன்று, சிஎச்சிபி 65001. கருப்பு ஜன்னல், தமிழையும் ஏற்கும் யுடிஎஃப்-8 எழுத்து முறைக்கு மாறும். இரண்டு, ஜாவா 18க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால், ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் என்ற மாறியில் ஃபைல் என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வையுங்கள். 18இலிருந்து அதுவே இயல்பு. அதற்கு முன் விண்டோஸ் எதைச் சொல்கிறதோ அதை ஜாவா எடுத்துக்கொள்ளும், சில கருவிகளில் தமிழ் வரிசையாகக் கேள்விக்குறி ஆகிவிடும். ஜன்னலில் எழுத்து உடைந்து தெரிந்தாலும் பதறாதீர்கள். அங்கே தமிழைக் காட்டும் எழுத்துரு இல்லாமலும் இருக்கலாம். நோட்பேட்++இல் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போனிலிருந்து ஆப்பை எடுத்தல்

இங்கேதான் நாங்கள் வழுக்கினோம். சித்தப்பா ஊரில் இருக்கிறாரே, என் போனிலும் ஆப் இருக்கிறதே என்று என் போனிலிருந்து எடுத்து அனுப்பினேன். தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்கிலீஷ் மட்டும்தான்ணே இருக்கு. தமிழ் ஒரு எழுத்துகூட இல்ல" என்றான். குரலே மாறிவிட்டது.

2021 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோரில் போடும் புது ஆப்களை ஏஏபி என்ற மூட்டையாகத்தான் கொடுக்க வேண்டும். கூகுள் அதைப் பிரித்து, ஒவ்வொரு போனுக்கும் தேவையானதை மட்டும் அனுப்புகிறது. அடிப்படைக்கு பேஸ் என்ற ஏபிகே. சிப்புக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று ஸ்ப்ளிட் கான்ஃபிக் எனத் தொடங்கும் துண்டுகள். என் போன் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆகவே தமிழ்த் துண்டு என் போனுக்கு வந்திருக்கவே இல்லை. சித்தப்பா போன் முழுக்கத் தமிழ். அதில் மட்டும் ஸ்ப்ளிட் கான்ஃபிக் டாட் டிஏ (தமிழ் என்பதன் ஆங்கில முதல் இரண்டெழுத்து) என்று ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் தம்பி பஸ் ஏறிப் போய் அந்தப் போனை வாங்கி வந்தான்.

எடுக்கும் முறை: போனின் அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும்; அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கேபிளைச் சொருகி, ஏடிபி டிவைசஸ் என்று தட்டினால் போன் அனுமதி கேட்கும். கொடுத்தபின், ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ் ஹைஃபன் 3 என்றால் நாமே ஏற்றிய ஆப்களின் பேக்கேஜ் பெயர்கள் வரும். உங்களுடையதைப் பிடித்து, ஏடிபி ஷெல் பிஎம் பாத், பிறகு பேக்கேஜ் பெயர். எத்தனை துண்டு உண்டோ அத்தனை பாதை வரும். ஒவ்வொன்றையும் ஏடிபி புல் போட்டு இழுங்கள். போனை ரூட் செய்து முழு அதிகாரம் எடுக்கத் தேவையில்லை.

லேப் மெஷினில் போனின் டிரைவர் இல்லாவிட்டால் ஏடிபி கண்டுகொள்ளாது; டிரைவர் ஏற்ற அட்மின் வேண்டும். அப்போது போனிலேயே எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையிலிருந்து ஆப் மேனேஜர் என்ற செயலியை ஏற்றி, அதன் வழியாக ஆப்பை ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஏபிகேஎஸ் என்ற ஒரே மூட்டையாக வரும், அதுவும் ஜிப்தான். வேலை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். அடுத்தவர் போன், அதுவும் பேங்க் ஆப் இருக்கும் போன் என்றால் கட்டாயம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில பேங்க் ஆப்கள் ஓடவே மறுக்கும், பிறகு சித்தப்பாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரித்தல்

கட்டளை இது: ஜாவா, ஹைஃபன் ஜார், ஏபிகேடூல் ஜாரின் பெயர், டி, ஏபிகேயின் பெயர், ஹைஃபன் எஸ், ஹைஃபன் ஓ, விளைவு ஃபோல்டரின் பெயர், ஹைஃபன் பி (பாத் என்பதன் முதல் எழுத்து), இன்னொரு ஃபோல்டரின் பெயர்.

டி (டீகோட் என்பதன் முதல் எழுத்து) என்றால் பிரி. எஸ் என்றால் சோர்ஸைத் தொடாதே. கோடைப் பிரிக்காமல் விட்டால் நேரம் நிறைய மிச்சம். இந்த இடத்தில் தம்பி ஹைஃபன் ஆர் போட்டுவிட்டான். ரிசோர்ஸ் வேண்டும், ஆகவே ஆர் என்பது அவன் கணக்கு. இது நேர்மாறு: ஆர் என்றால் ரிசோர்ஸைத் தொடாதே. மறுபடியும் கட்டம் கட்டமாகக் குப்பை வந்ததும்தான் கேட்டேன், "என்னடா தட்டுன?" என்று.

கடைசியில் இருக்கும் பி பென்டிரைவ்காரர்களுக்கானது. ஏபிகேடூல் ஆண்ட்ராய்டின் அடிப்படை அட்டவணையை ஃபிரேம்வொர்க் என்ற பெயரில் பயனர் ஃபோல்டருக்குள் எங்கோ ஒளித்து வைத்துக்கொள்ளும். லேப் மெஷினில் வேறொருவர் பழைய பதிப்பை ஓட்டியிருந்தால் அந்தப் பழைய ஃபிரேம்வொர்க் உங்கள் காலை வாரும். பி போட்டு உங்கள் ஃபோல்டரையே காட்டிவிட்டால் அந்த வம்பு இல்லை.

பேஸையும் தமிழ்த் துண்டையும் தனித்தனியாகப் பிரித்தோம். மொழித் துண்டைத் தனியாகப் பிரித்தால் டம்மி என்ற பெயரோடு சில வரிகள் வரக்கூடும். அந்த எண்ணுக்கு உரியது வேறு துண்டில் இருக்கிறது என்று அர்த்தம். அது தொந்தரவாக இருந்தால் முதலில் ஏபிகேஎடிட்டரால் ஒட்டிவிடுங்கள்: ஜாவா, ஹைஃபன் ஜார், ஏபிகேஎடிட்டர் ஜாரின் பெயர், எம், ஹைஃபன் ஐ, துண்டுகள் இருக்கும் ஃபோல்டர். ஒரே ஏபிகே வரும், அதைப் பிரிக்கலாம்.

7-ஜிப்பால் விரித்தே வேலையை முடிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. இப்போதெல்லாம் ஆப்பைக் கட்டும்போது ரிசோர்ஸ் ஃபைல்களின் பெயரை இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கிவிடுகிறார்கள். பெரிய ஏ, சின்ன பி என்று ஒரு ஃபைல். சின்ன ஏ, பெரிய பி என்று இன்னொன்று. விண்டோசுக்கு இரண்டும் ஒன்றுதான். "மேலெழுதட்டுமா?" என்று கேட்கும், ஆம் என்றால் ஒன்று காலி. ஏபிகேடூல் அட்டவணையில் உள்ள முழுப் பெயரைப் பார்த்து ஃபைலுக்குத் திருப்பி வைக்கும் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

படங்களில் 9 டாட் பிஎன்ஜி வகை ஒன்று உண்டு, இழுத்தால் நீளும் பட்டன்களுக்கானது. கம்பைல் ஆகும்போது அதன் ஓரக் கருப்புக் கோடுகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அதையும் ஏபிகேடூல் திருப்பி வரைந்து தரும். வெறும் அன்ஜிப்பில் வராது.

வந்ததைப் படித்தல்

விளைவு ஃபோல்டரில் ரெஸ் என்பதற்குள் வேல்யூஸ் என்று தொடங்கும் ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். வேல்யூஸ் ஹைஃபன் டிஏ தமிழ். சில ஆப்களில் அதோடு ஆர்ஐஎன் அல்லது ஆர்எல்கே என்று வால் இருக்கும்: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ். ஸ்ட்ரிங்ஸ், அரேஸ், ப்ளூரல்ஸ் என்று மூன்று ஃபைலையும் பாருங்கள். பூப்பெயர்கள் அரேஸில் இருந்தன. சம்பங்கி முதல் அரளி வரை ஒன்றும் குறையவில்லை.

ப்ளூரல்ஸில் தமிழுக்கு இரண்டு இடம்: ஒன்று, மற்றவை. தம்பி இரண்டிலும் "முழம்" என்றே போட்டிருந்தான். இலக்கணம் "ஐந்து முழங்கள்" என்று சொல்லலாம். பூக்காரம்மாவிடம் அப்படிக் கேட்டால் சிரித்துவிடும்.

ஸ்ட்ரிங்ஸ் ஃபைலைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஆப் பயன்படுத்தும் லைப்ரரிகளும் தங்கள் வாசகங்களைத் தமிழ் மொழிபெயர்ப்போடு கொண்டுவந்து இதே ஃபைலில் கொட்டியிருக்கும். பெயர் ஏபிசி, எம்டிஆர்எல், எம்3 என்று தொடங்கி அடிக்கோடு வந்தால் அவை கூகுள் லைப்ரரிச் சரக்கு. அவற்றைத் தள்ளிவிட்டு உங்களுடையதை மட்டும் புதிய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ புராஜெக்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பப்ளிக் எக்ஸ்எம்எல் என்று ஒன்று இருக்கும், அந்த எட்டிலக்க எண்களின் பட்டியல். தேடுவதற்கு நல்லது, புது புராஜெக்டுக்குள் ஒட்டினால் கட்டும்போது சண்டை வரும்.

சில பழைய தமிழ் ஆப்களைப் பிரித்தால் வேறொரு விசித்திரம். வாசகம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பிதற்றும். அது பைனரி இல்லை, பாமினி போன்ற எழுத்துரு முறையில் தட்டியது. அசெட்ஸில் ஒரு டிடிஎஃப் எழுத்துரு கிடந்தால் சந்தேகம் உறுதி. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டால் தமிழ் வந்துவிடும்.

எங்களுக்கு அட்டவணையில் இல்லாத வாசகங்களும் சில இருந்தன. அவசரத்தில் தம்பி கோடுக்குள்ளேயே எழுதிவிட்டவை. அவற்றுக்கு ஜாட்எக்ஸ்: பேஸ் ஏபிகேயை ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு, தேடலில் தமிழிலேயே "நிலவரம்" என்று தட்டினான், கிடைத்தது. இதையே ஏபிகேடூல் கோடைப் பிரித்துத் தரும் ஸ்மாலி ஃபைல்களில் தேடினால் கிடைத்திருக்காது. ஸ்மாலியில் தமிழ் எழுத்து எழுத்தாக இருக்காது. பின்சாய்வுக் கோடு, யு, பிறகு யூனிகோடு எண் என்று இருக்கும். ம என்பது அங்கே 0பிஏஇ. "தமிழ் இல்லை" என்று முடிவுகட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு திரும்பும் சமயங்கள்

ஃபிளட்டரில் எழுதிய ஆப் என்றால் வேல்யூஸில் பெரும்பாலும் உருப்படியாக எதுவும் இருக்காது. படங்கள் அசெட்ஸில் ஃபிளட்டர் அசெட்ஸ் என்ற ஃபோல்டரில். வாசகங்கள் லிப்ஆப் டாட் எஸ்ஓ என்ற பைனரிக்குள். அதில் தமிழை யுடிஎஃப்-8ஆகத் தேடினால் வராது. ஃபிளட்டரின் டார்ட் மொழி தமிழ் வாசகங்களை எழுத்துக்கு இரண்டு பைட் என்று வைக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு பைட் விட்டு ஒரு பைட் 0பி, 0பி என்று வரிசையாக வரும் இடம்தான் தமிழ். ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ரியாக்ட் நேட்டிவ் ஆப் என்றால் அசெட்ஸில் இண்டெக்ஸ் டாட் ஆண்ட்ராய்டு டாட் பண்டில் என்ற ஃபைலைப் பாருங்கள். சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக இருந்தால் அதிர்ஷ்டம், ஹெர்மீஸ் என்ற கருவி பைனரியாக்கிய பைட்கோடாக இருந்தால் தமிழ் அங்கும் இரண்டிரண்டு பைட்டாகத்தான் இருக்கும். ஐபோன் ஆப்பின் ஃபைலான ஐபிஏவும் ஜிப்பே. லோக்கலைசபிள் ஸ்ட்ரிங்ஸ் ஃபைல் பேலோட் ஃபோல்டருக்குள் மொழிவாரியாகக் கிடைக்கும்.

கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் என்றால் எஃப்-டிராய்டிலிருந்து, போனில் கட்டளை தட்டும் ஜன்னலைத் தரும் டெர்மக்ஸை ஏற்றி, அதில் ஓபன்ஜேடிகே என்ற ஜாவாவைப் போட்டு ஏபிகேடூல் ஜாரை ஓட்டலாம். பிரிக்கும். திருப்பிக் கட்டச் சொன்னால் தடுமாறும். அதற்குள் பொதிந்திருக்கும் ஏஏபிடி2 கம்ப்யூட்டர் சிப்புக்கானது.

திருப்பிக் கட்டலாமா

ஏபிகேடூலில் டிக்குப் பதில் பி (பில்ட் என்பதன் முதல் எழுத்து) போட்டால் ஃபோல்டர் மறுபடி ஏபிகே ஆகும். ஆண்ட்ராய்டு 11ஐயோ அதற்கு மேலோ குறிவைத்த ஆப் என்றால் அட்டவணை ஃபைல் சுருக்கப்படாமல், நான்கு பைட் எல்லையில் நிற்க வேண்டும். ஆகவே முதலில் எல்லையில் நிறுத்தும் ஜிப்அலைன், பிறகுதான் கையெழுத்துப் போடும் ஏபிகேசைனர். வரிசை மாறினால் கையெழுத்து செல்லாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஊபர் ஏபிகே சைனர் என்ற ஒற்றை ஜார் பென்டிரைவுக்குத் தோது. லேபில் கட்டும் வேலை மட்டும் தோற்றால், டெம்ப் ஃபோல்டரிலிருந்து எதையும் ஓட்டக்கூடாது என்று அட்மின் தடுத்திருக்கலாம். ஏபிகேடூல் அங்கேதான் ஏஏபிடி2ஐ இறக்கி ஓட்டும். உங்கள் சொந்த ஆப்பை மீட்கிறீர்கள் என்றால் இந்தப் பாடே வேண்டாம். வாசகத்தை எடுங்கள், புது புராஜெக்டில் ஒட்டுங்கள்.

இந்தப் பட்டறை இன்னொன்றுக்கும் உதவுகிறது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் போனில் தொடாமல் கம்ப்யூட்டரில் பிரித்து மேனிஃபெஸ்டைப் பாருங்கள். பிரிப்பதால் ஆப் ஓடாது. பத்திரிகைக்கு எதற்கு ரிசீவ் எஸ்எம்எஸ், ரீட் எஸ்எம்எஸ்? எதற்கு அக்சஸிபிலிட்டி சர்வீஸ்? எதற்கு வேறு ஆப்களை இன்ஸ்டால் செய்யும் அனுமதி? ஓடிபியைத் திருட வந்தது என்று அந்த நாலு வரியே சொல்லிவிடும். யாராவது ஏற்கெனவே இன்ஸ்டால் செய்திருந்தால் போனின் நெட்டை அணைத்து, பேங்குக்குச் சொல்லி, 1930ஐ அழையுங்கள்.

அடுத்தவர் ஆப்பைப் பிரிப்பது பற்றிச் சட்டம் கொஞ்சம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, முறையாகக் கையில் வைத்திருக்கும் மென்பொருளை, அது எப்படி இயங்குகிறது என்று கவனித்துப் படிக்கவும், வேறொரு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையான, வேறு வழியில் எளிதாகக் கிடைக்காத தகவலை எடுக்கவும் இடம் தருகிறது. பாதுகாப்புப் பூட்டை உடைப்பது 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவின்கீழ் வரும். அடுத்தவர் படங்களையும் வாசகங்களையும் எடுத்து உங்கள் பெயரில் போடுவதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை.

தம்பிக்கு வாசகமெல்லாம் கிடைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது: பிளே ஸ்டோரில் அப்டேட் ஏற்றும் சாவியும் அதே ஹார்ட் டிஸ்க்கோடு போயிருந்தது. அதற்கும் வழி இருந்தது. புது ஆப்களுக்கு உண்மையான கையெழுத்துச் சாவியைக் கூகுளே வைத்திருக்கிறது. தொலைந்தது ஏற்றும் சாவி மட்டும், அதை மாற்றித் தரச் சொல்லி டெவலப்பர் கணக்கிலிருந்தே கேட்கலாம். விண்ணப்பம் போட்டான். புது அப்டேட் வரும்வரை சித்தப்பா தன் போனைப் பேரன் கையில்கூடக் கொடுக்கவில்லை. ஆப்பை எவனாவது அழித்துவிட்டால் மல்லி விலையே போய்விடும் என்று சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரிந்தார்.